ரோஜாவுக்கு எந்தச் சீட்டு

தீபாவளி முடிந்த மறுநாள் ஊர் உலகமெல்லாம் அலுத்துப்போய்ப் படுத்துக் கிடக்கும். ஆமத்தூர்ப் பெண்களுக்கு அன்றைக்குத்தான் தீபாவளி தொடங்கும். பட்டாசுக் கம்பெனி கதவைச் சாத்தியிருக்கும், போனஸ் கைக்கு வந்திருக்கும், நகக்கண்ணில் ஏறிய மருந்து மட்டும் இன்னும் போயிருக்காது. அது போவதற்குள் டூர் கிளம்பிவிட வேண்டும். திருச்செந்தூர், கன்னியாகுமரி, திரும்பி வரும் வழியில் குற்றாலம். வருஷம் பூராவும் வெடி விபத்துக்குப் பயந்து ஒரு அறைக்கு இத்தனை பேர்தான் என்று பிரித்துப் பிரித்து உட்கார வைக்கப்பட்டவர்கள், ஒரே கூரைக்குக் கீழே மொத்தமாக உட்காருவது அந்த டூர் பஸ்ஸில் மட்டும்தான்.

உட்காருவதில்தான் வம்பே. யார் பக்கத்தில் யார் என்பது லேசான காரியம் இல்லை. போன வருஷம் பஸ் கோவில்பட்டி தாண்டுவதற்குள் முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் வாய்த் தகராறு முற்றி, டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். பஸ் ஓனர் விருதுநகர் கமாலுதீன் பாய் இந்த வருஷம் கறாராகச் சொல்லிவிட்டார். "தாயி, யாரு எங்கன உக்காருறாகன்னு சார்ட் போட்டு எனக்கு அனுப்பிருங்க. சார்ட் வந்தாத்தான் பஸ் வரும்."

சார்ட் போடும் வேலை அழகுமீனாவின் தலையில் விழுந்தது. கம்பெனி ஆபீசில் பில் போடுகிறவள் அவள். கம்ப்யூட்டர் தெரிந்தவளுக்கு சீட்டுப் போடவும் தெரியும் என்று மற்றவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். வருஷா வருஷம் பேப்பரில் கட்டம் போட்டு எழுதி, அழித்து, திரும்ப எழுதி, கடைசியில் எல்லோரிடமும் திட்டு வாங்கிக்கொள்வாள். திட்டெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது. இந்த வருஷம் அவள் கவலை வேறு. டூருக்குப் பெயர் கொடுத்தவர்களில் ரோஜாவும் இருந்தாள்.

ரோஜாவும் அழகுமீனாவும் ஒரே தெருவில் ஒன்றாக வளர்ந்தவர்கள். ரோஜா திருத்தங்கலுக்கு வாக்கப்பட்டுப் போன பிறகும் கம்பெனியில் மதியச் சோறு ஒன்றாகத்தான். ஒருத்தி தூக்குவாளியில் என்ன இருக்கிறது என்று இன்னொருத்தி கேட்காமலே எடுத்துச் சாப்பிடுவாள். அப்படி இருந்தவர்கள் ஒரு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. போன டூருக்கு ரோஜா வரவில்லை. இந்தத் தடவை பெயர் கொடுத்திருக்கிறாள் என்றதும் அழகுமீனாவுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அவளோடு திரும்பவும் பேசிவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் முதலில் வாயைத் திறப்பது யார்?

தீபாவளி கழிந்த ஆபீசில் மிச்சக் கணக்கு முடிக்க அவள் ஒருத்திதான் வந்துகொண்டிருந்தாள். முதலாளி மகள் ரோஷினி அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு ஏஐ செயலியைப் போட்டு வைத்திருந்தாள். நாம் தமிழில் எழுதினால் அதுவும் தமிழில் பதில் எழுதும். பதில் எழுதுவதோடு நிற்காது. தானே புரோகிராம் எழுதும், தானே ஓட்டிப் பார்க்கும், தப்பு வந்தால் தானே திருத்தும். "சொந்த வேலைக்கும் வச்சுக்கோங்க அக்கா" என்று ரோஷினி சொல்லியிருந்தாள். அழகுமீனாவுக்கு அதில் ரொம்பப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு காரியத்துக்கும் முன்னால், 'இதைச் செய்யப்போகிறேன், அனுமதிக்கிறீர்களா' என்று கேட்டு நிற்கும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் புருஷன் கதிரவன் எதற்கும் அப்படிக் கேட்டதில்லை.

"தம்பி, ஒரு டூர் பஸ்ஸுக்கு சீட்டு பிரிக்கணும்" என்று அந்தச் செயலியிடம் எழுத ஆரம்பித்தாள். பஸ்ஸின் உள்பக்கத்தைச் சொன்னாள், இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, கடைசி வரிசையில் மட்டும் நீளமாக ஒன்று. 'அழகுமீனா, அது நான்தான்' என்று தொடங்கிப் பெயர்களை வரிசையாக அடித்துக் கொடுத்தாள். அது என்னென்னவோ எழுதியது, அனுமதி கேட்டது, அவள் கொடுத்தாள். கேட்டது, கொடுத்தாள். கேட்கக் கேட்கக் கொடுத்துக்கொண்டே போனவள் ஒரு கட்டத்தில் படிப்பதையே விட்டுவிட்டாள்.

சார்ட் வந்தது. பாதி பஸ் காலியாகக் கிடந்தது.

இத்தனை இடம் மிச்சமிருக்கிறதா, இது தெரியாமல் மாமியாரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டோமே என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் சண்முகத்தாய் உள்ளே வந்தாள். பட்டாசுக்கு மணி மருந்து செய்யும் பிரிவில் சீனியர் அவள். டூரில் எந்த நேரத்துக்கு எங்கே பஸ் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவள் வாய்ச்சொல்தான்.

"எங்க மாரீஸ்வரியை எங்கன போட்டிருக்க?" என்று திரையில் தேடினாள்.

"இருக்காளே மதினி. மூணாவது வரிசையில."

"அது உங்க மாரீஸ்வரியா, எங்க மாரீஸ்வரியா?"

அழகுமீனா திரையை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தாள். பஸ் முழுவதிலும் ஒரே ஒரு மாரீஸ்வரிதான் இருந்தாள். ஒரே ஒரு காளீஸ்வரி. ஒரே ஒரு முத்துமாரி. மேலே போய்ப் பார்த்தால் தம்பி ஒழுங்காகத்தான் கேட்டிருந்தது. 'பட்டியலில் ஒரே பெயர்கள் பலமுறை வந்திருக்கின்றன. தவறுதலாகத் திரும்ப எழுதப்பட்டவை என்று நினைக்கிறேன். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்க அனுமதிக்கிறீர்களா?' மகராசி அனுமதித்திருக்கிறாள்.

"பாவி, குலசாமி பேரு வச்ச பிள்ளைகளைப் பூராம் பஸ்ஸை விட்டு இறக்கிட்டியேடி" என்று சண்முகத்தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் தெருவில் மட்டும் நாலு மாரீஸ்வரி உண்டு. ஒரே சாமியைக் கும்பிடுகிற வீடுகளில் மூத்த பிள்ளைக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்? அழகுமீனா இதைத் தம்பிக்கு எழுதி விளக்கினாள். 'புரிந்தது. இனி ஒரே பெயர் வந்தால் வேறு வேறு ஆட்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். நானே அனுமானம் செய்திருக்கக் கூடாது. அவர்களை எப்படிப் பிரித்து அடையாளம் வைப்பது?' என்று அது கேட்டது.

பட்டப்பெயர்தான் வழி. சண்முகத்தாய் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல இவள் அடித்தாள். டெய்லர் மாரி, ஒத்தக்கடை மாரி, கொண்டை மாரி, சிரிப்பாணி மாரி. ஒரு காளீஸ்வரியின் பட்டப்பெயரை மட்டும் எழுத்தில் போட முடியாது என்று விட்டுவிட்டு, மேலத்தெரு என்று கௌரவமாகப் போட்டார்கள். பட்டப்பெயர் கணக்குக்கு மட்டும்தான், சார்ட்டில் நல்ல பெயர்தான் வர வேண்டும் என்று அழகுமீனா இரண்டு தடவை அழுத்தி எழுதினாள். இல்லாவிட்டால் அவள் உயிரோடு கன்னியாகுமரி பார்க்க முடியாது.

அடுத்தது விதிகள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சண்முகத்தாய் சொன்ன அழகைப் பார்த்தால் பஞ்சாயத்துத் தீர்ப்பு தோற்றுப்போகும். "எனக்கு வாந்தி வரும், ஜன்னல் ஓரம் வேணும். எனக்குப் பின்னாடி ஜன்னல்ல இருக்கவ ஜன்னலை மூடி வைக்கிறவளா இருக்கணும், அவளுக்கு நல்லது. மாமியாளும் மருமகளும் ஒரே பஸ்ஸுல வந்தா நடுவுல நாலு வரிசையாச்சும் வேணும், ஒருத்தி பேசுறது இன்னொருத்தி காதுல விழப்படாது. சம்பந்தகாரிகளை முன்னபின்ன போட்டுறாத. இவ முன்னால, அவ பின்னாலன்னு ஆச்சுன்னா கட்டிக்கொடுத்த பிள்ளை வாழ்க்கை போச்சு. ஒரே வரிசை, இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. குறட்டை விடுறவளுக்குப் பக்கத்துல காது கொஞ்சம் மந்தமானவ. ஆடுறவளுக பூராம் கடைசி வரிசை."

எல்லாவற்றையும் அழகுமீனா அப்படியே எழுதினாள். தம்பி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்டுக்கொண்டது. வாந்தி விதியை அது புரிந்துகொண்ட விதத்தைப் படித்துக் காட்டியபோது சண்முகத்தாய்க்கு அதன் மேல் மரியாதையே வந்துவிட்டது. "நல்லா வளத்திருக்காக" என்றாள். எழுந்து புடவையை உதறிக்கொண்டு வாசல்வரை போனவள் நின்று திரும்பினாள். "ரோஜாவை எங்கன போடப்போற?"

"அது பாத்துக்கிடலாம் மதினி."

"பாத்துக்கோ. நல்ல பிள்ளைக ரெண்டு பேரும்." போய்விட்டாள்.

அழகுமீனா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு கடைசி விதியாக அதையும் அடித்தாள். 'அழகுமீனா, ரோஜா. பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் ஐந்து வரிசை இருக்க வேண்டும்.' அடித்து முடித்ததும் அந்த வரி அவளையே பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

தம்பி ஒரு கேள்வி கேட்டது. 'இருவருமே விலகி உட்கார விரும்புகிறார்களா, அல்லது ஒருவர் மட்டுமா?'

இதற்கு என்ன பதில் சொல்வது? பேச்சு நின்றது போன வருஷம் தன் மகளுக்குக் காது குத்தியபோது. குலசாமி கோயிலில் கிடா வெட்டு, கறி விருந்து. சொந்தபந்தம், பக்கத்து வீடு என்று எல்லாரையும் தட்டோடு வீடு வீடாகப் போய், குங்குமம் கொடுத்து அழைத்தாள். ரோஜா வீட்டுக்கு மட்டும் போகவில்லை. பத்திரிகைப் படத்தை வாட்ஸப்பில் எல்லோருக்கும் அனுப்பியபோது அவளுக்கும் சேர்ந்து போனது, அவ்வளவுதான். ரோஜாவைப் போய் அழைப்பார்களா? அவள் வீட்டு ஆள். அவளே முன்னால் நின்று மற்றவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட வேண்டியவள். தன்னைத்தானே யாராவது தட்டு வைத்து அழைத்துக்கொள்வார்களா? அழகுமீனாவின் நியாயம் இது. ரோஜாவோ இன்றைக்கு வருவாள், நாளைக்கு வருவாள் என்று பலகாரம் சுட்டு வைத்துக் காத்திருந்திருக்கிறாள். காது குத்து முடிந்த அன்றைக்கு, "ஊருக்கெல்லாம் தட்டு, எனக்கு மட்டும் போன்ல படம்" என்று யாரிடமோ சொல்லி அழுதாளாம். அதைக் கேட்டு இவளுக்குக் கோபம். இத்தனை வருஷப் பழக்கத்தில் என்னை இம்புட்டுத்தான் தெரிந்துகொண்டாளா என்று. இரண்டு பேர் நியாயமும் நியாயம்தான். அதனால்தான் விட்டுக்கொடுக்க ஆளில்லை.

'தெரியாது' என்று அடித்தாள். 'இருவருக்கும் பொருந்துவதாக எடுத்துக்கொள்கிறேன்' என்றது அது.

இந்தத் தடவை அனுமதி கேட்டபோது ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்தே கொடுத்தாள். தம்பி ஓட்டிப் பார்த்தது. திருத்தியது. வேறு மாதிரி எழுதி மறுபடி ஓட்டியது. அவள் தூக்குவாளியைத் திறந்து புளிச்சோறு சாப்பிட்டு முடிக்கும்வரை அது முட்டி மோதிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு பதில் வந்தது.

'எல்லா விதிகளையும் நிறைவேற்றும்படி உட்கார வைக்க வழியே இல்லை. வேறு விதமாகவும் சோதித்து உறுதி செய்துவிட்டேன். ஏதாவது ஒரு விதியைத் தளர்த்தினால் முடியும். அப்படித் தளர்த்தக்கூடியவை மூன்று. சம்பந்திகள் ஒரே வரிசையில் இருப்பது. மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே நாலு வரிசை. அழகுமீனாவுக்கும் ரோஜாவுக்கும் இடையே ஐந்து வரிசை. எதை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.'

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக் குடுங்க தம்பி" என்று கெஞ்சிப் பார்த்தாள்.

'சொல்லாமல் ஒரு விதியை மீறி சார்ட் கொடுத்துவிடலாம். ஆனால் பஸ்ஸில் ஏறிய பிறகு அது உங்களுக்குத் தெரியவரும்' என்று அது எழுதியது. 'முதல் இரண்டுக்கும் நீங்கள் வேறு ஆட்களிடம் போய்ச் சம்மதம் கேட்க வேண்டும். நீங்கள் அழகுமீனா என்று முன்னால் சொன்னீர்கள். மூன்றாவதில் பாதிச் சம்மதம் உங்களிடமே இருக்கிறது.'

அழகுமீனாவுக்கு முகத்தில் சுரீர் என்றது. சம்பந்திகளைத் தொட்டால் ஊர் இரண்டாகும். மாமியார்-மருமகளைத் தொட்டால் பஸ் இரண்டாகும். வீம்பை விட வேண்டியவள் நீ ஒருத்திதான் என்று ஒரு மெஷின் எந்தக் கோபமும் இல்லாமல் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டது. கதிரவன் இதையே சொன்னபோது நாலு நாள் அவனோடு பேசாமல் இருந்தாள். இதனோடு பேசாமல் இருந்து என்ன ஆகப் போகிறது?

போன் அடித்தது. கமாலுதீன் பாய். "என்ன தாயி, சார்ட் ஆச்சா? இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். இல்லேன்னா பஸ்ஸை பழனி பார்ட்டிக்கு விட்டுருவேன்."

"வந்துரும் பாய். இந்தா ஒரே ஒரு விதிதான் பாக்கி."

"விதியா?" என்றார் பாய். அவர் வேறு எதையோ நினைத்துக்கொண்டு, "அல்லாஹ் பாத்துக்கிடுவான்" என்று ஆறுதல் சொல்லி வைத்துவிட்டார்.

சரி, ரோஜாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பிவிடலாம் என்று நினைத்தாள். தனக்கு வார்த்தை வராது. தம்பியிடமே சொன்னாள், நடந்ததையெல்லாம் சொல்லி, நல்லபடியாக எழுதித் தரச் சொன்னாள். அது எழுதித் தந்தது. சின்ன வயசுப் பழக்கம், ஒரு வருஷ வருத்தம், தவறு தன் பக்கமும் உண்டு என்று அளவாக, அழகாக, கண்ணில் நீர் வரும்படி. படித்துவிட்டு அழகுமீனா உண்மையிலேயே மூக்கைச் சிந்தினாள். அதைக் காப்பி எடுத்து வாட்ஸப்பில் போட்டு, அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரலை வைத்தாள்.

வைத்த விரல் அங்கேயே நின்றது. இதேதானே போன வருஷமும் செய்தாய் என்று உள்ளே யாரோ கேட்டார்கள். தட்டோடு போகாமல் போனில் அனுப்பியதால் வந்த வினை இது. அதைத் தீர்க்கவும் போனிலேயே அனுப்பப் போகிறாயா?

'இதை அனுப்ப மாட்டேன் தம்பி. நேரில் போறேன்' என்று அடித்தாள்.

'நல்லது. அந்த விதியை இப்போதைக்கு அப்படியே வைத்திருக்கிறேன். வந்து சொல்லுங்கள்' என்றது அது.

ஸ்கூட்டியை எடுத்தாள். திருத்தங்கல் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு கடையில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், குங்குமம், கனகாம்பரம் கலந்த மல்லிகைச் சரம் வாங்கினாள். தட்டு இல்லை. பாத்திரக்கடையில் எவர்சில்வர் தட்டு ஒன்று புதிதாகவே வாங்கினாள். "என்ன விசேஷம்?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, "டூர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவர் யோசித்துக்கொண்டே நின்றிருப்பார்.

ரோஜா வாசலில்தான் இருந்தாள். தலை நிறைய நல்லெண்ணெய் வைத்து, நெற்றியில் வழிய வழிய, வெயிலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்கூட்டி வந்து நின்றதைப் பார்த்தாள். இறங்கியவளைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். எழுந்து நின்று, "வாங்க" என்றாள். "நல்லா இருக்கீகளா?"

ஏடி, வாடி என்று கூப்பிட்ட வாயிலிருந்து அந்த மரியாதை வந்ததும் அழகுமீனாவுக்குப் பளார் என்று அறை வாங்கியது போல இருந்தது. அவளும் விடவில்லை. தட்டை இரண்டு கையாலும் நீட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்யாணத்துக்கு அழைக்கிற ராகத்திலேயே ஆரம்பித்தாள்.

"வர்ற வெள்ளிக்கிழமை விடியக்காலம் நம்ம கம்பெனிப் பிள்ளைக டூர் பஸ் ஆமத்தூர்ல இருந்து கிளம்புது. நீங்க அவசியம் வந்து, என் பக்கத்துச் சீட்டுல உக்காந்து, திருச்செந்தூர் கன்னியாகுமரி குற்றாலம் வரைக்கும் கூட இருந்து சிறப்பிச்சுத் தரணும். நேர்ல வந்து சொல்லலைன்னு நினைச்சிரப்படாது. நேர்ல வந்துட்டேன்."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது.

ரோஜா தட்டை வாங்கவில்லை. "கையெல்லாம் எண்ணெயா இருக்கு. எப்படி வாங்க? இருங்க, குளிச்சிட்டு வாரேன்" என்று உள்ளே போய்விட்டாள். ஒரு வருஷம் காத்திருந்தவள், கொஞ்ச நேரமாவது காக்க வைக்காமல் விடுவாளா? உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. சீயக்காய் வாசம் வந்தது. தட்டைக் கீழே வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அழகுமீனா வெயிலில் நின்றாள். கை கடுத்தது. ஆனாலும் மனசு என்னவோ லேசாக இருந்தது. விரட்டுகிறவள் யாரும் குளித்துவிட்டு வருகிறேன் என்று சொல்வதில்லை.

ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ரோஜா வந்தாள். முறைப்படி கிழக்கே பார்த்து நின்று தட்டை வாங்கினாள். குங்குமம் எடுத்து வைத்துக்கொண்டாள். பூவில் பாதியைக் கிள்ளி அழகுமீனாவின் தலையில் வைத்தாள், கொஞ்சம் அழுத்தியே வைத்தாள், வலித்தது.

"வீட்டு ஆளை எதுக்கு அழைக்கணும்னு நினைச்சியாக்கும்" என்றாள்.

"ஆமா."

"அதை அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா சண்டையே இல்லைல்ல, கூறுகெட்டவளே." அந்தக் கூறுகெட்டவளே காதில் விழுந்ததும்தான் அழகுமீனாவுக்கு மூச்சு சீராக வந்தது. இரண்டு பேரும் சேர்ந்தே அழுதார்கள், கொஞ்ச நேரம். பிறகு ரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு காரியத்துக்கு வந்தாள். "சரி, சீட்டு எங்கன? பாக்காம நான் ஒத்துக்கிட மாட்டேன். உன்னை நம்ப முடியாது." துண்டோடு ஸ்கூட்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

ஆபீசுக்கு வந்ததும் அழகுமீனா ரோஜாவுக்கு நாற்காலி போட்டு, பெருமையாகத் திரையைக் காட்டினாள். 'தம்பி, மூணாவது விதியை எடுத்துருங்க. நாங்க பேசிக்கிட்டோம்' என்று அடித்தாள். 'மகிழ்ச்சி. நீக்கிவிட்டு மறுபடி ஓட்ட அனுமதிக்கிறீர்களா?' என்றது. கொடுத்தாள். கண்மூடித் திறப்பதற்குள் சார்ட் வந்தது. சம்பந்திகள் ஒரே வரிசையில் சமமாக இருந்தார்கள். மாரிகள் எல்லோரும் அவரவர் இடத்தில், நல்ல பெயரோடு இருந்தார்கள்.

ரோஜா விரலை வைத்துத் தேடினாள். தான் மூன்றாவது வரிசையில், யாரோ ஒரு காளீஸ்வரிக்குப் பக்கத்தில் இருந்தாள். அழகுமீனா ஏழாவது வரிசையில் இருந்தாள்.

"இதுக்குத்தான் தட்டு வச்சு அழைச்சியா?" என்றாள் ரோஜா. குரல் மாறிவிட்டது.

அழகுமீனா கீபோர்டுக்குத் தாவினாள். 'என்ன தம்பி இப்படிப் போட்டிருக்கீக' என்று அவசர அவசரமாக அடித்தாள்.

'நீங்கள் இருவரும் விலகி இருக்க வேண்டும் என்ற விதியை நீக்கிவிட்டேன். சேர்ந்து இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அதனால் மற்றவர்களுக்கு வசதியான இடங்களில் உங்களைப் போட்டிருக்கிறேன்.'

ரோஜா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நாற்காலியே ஆடுகிற சிரிப்பு. "சரியாத்தானடி சொல்லுது. சண்டையை எடுத்தா மட்டும் போதுமாக்கும்? தள்ளு அங்கிட்டு." கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தேடித் தானே அடித்தாள். 'நானும் இவளும் ஒரே சீட்டு. ஒரு வருசப் பேச்சு பாக்கி கிடக்கு.'

தம்பி கேட்டது. 'இதைக் கட்டாய விதியாக வைக்கவா, முடிந்தால் நிறைவேற்றும் விருப்பமாக வைக்கவா? கட்டாயம் என்றால் மற்ற எதற்காகவும் இதை மாற்ற மாட்டேன்.'

ரோஜா கையை எடுத்துக்கொண்டாள். கீபோர்டை அழகுமீனாவின் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்ப்பது போல இருந்தாள். அழகுமீனா யோசிக்கவே இல்லை. 'கட்டாயம்' என்று அடித்து, அதன் பிறகு கேட்ட அனுமதியையும் கொடுத்தாள்.

இந்தத் தடவை அதற்கு நேரம் பிடித்தது. புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தன. பழைய விதிகள் எல்லாவற்றோடும் இந்தப் புதுசையும் சேர்த்துப் பொருத்த வேண்டுமே. மின்விசிறி கடகடத்தது. ரோஜா துண்டை அவிழ்த்து ஈரத்தலையை விரித்துவிட்டுக்கொண்டாள்.

"காது குத்தையில பிள்ளை அழுதாளா?" என்று கேட்டாள், திரும்பிப் பார்க்காமலே.

"குத்தும்போது அழலை. மாமன் மடியில கல்லு மாதிரி உக்காந்திருந்தா" என்றாள் அழகுமீனா. "கம்மல் போட்டு முடிச்சதும் எழுந்திருச்சு எல்லார் மூஞ்சியையும் பாத்தா. ரோஜா சித்தி எங்கன்னு கேட்டா. அப்பத்தான் அழுதா."

ரோஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சார்ட் வந்து நின்று வெகுநேரம் கழித்துத்தான் இருவரும் திரையைப் பார்த்தார்கள்.